ஆற்றோர மனையும் வெள்ள மட்டமும்: கடலூரில் வீடு கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கடலூரில் வீடுகளுக்குப் பிளான் போட்டு, கட்டி முடிக்கும்வரை கூடவே நிற்பது என் வேலை. முன்பெல்லாம் வருகிறவர்கள் வாஸ்துவில் தொடங்குவார்கள். 2015 நவம்பர் மழைக்கும், 2024 டிசம்பரில் தென்பெண்ணை கரை புரண்டதற்கும் பிறகு, "இங்க தண்ணி வருமா சார்?" என்பதே முதல் கேள்வியாகிவிட்டது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். பாகூர்ப் பக்கத்துப் புதுச்சேரிக்காரர்களுக்கும் இவற்றில் பெரும்பாலானவை பொருந்தும். விதிகள் மட்டும் அங்கே வேறு.

மனை வாங்கப் போகிறேன். வெள்ளம் வருமா என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

சர்வே எண்ணைக் கையில் எடுங்கள். அந்த எண்ணுக்கான புலப்படத்தையும் (நிலத்தின் அளவு வரைபடம்) அ-பதிவேட்டையும் (எந்த எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) தமிழக அரசின் இணையச் சேவைப் பக்கத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். கிராம வரைபடத்தை விஏஓவிடமோ தாலுகா அலுவலகத்திலோ கேட்டுப் பாருங்கள்.

புலப்படத்தில் உங்கள் எண்ணை ஒட்டி ஒல்லியாக, நீளமாக இன்னொரு எண் ஓடுகிறதா? அப்படியானால் கொஞ்சம் நில்லுங்கள். அ-பதிவேட்டில் அந்த எண்ணுக்கு நேரே வாய்க்கால் என்றோ ஓடை என்றோ எழுதியிருக்கிறதா பாருங்கள். நேரில் போனால் அங்கே வாய்க்கால் இருக்காது. சீமைக் கருவேலமும் குப்பையும் இருக்கும், சில இடங்களில் சிமென்ட் சாலையே போட்டிருப்பார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் அந்த வழியில்தான் வரும், ஏனென்றால் பள்ளம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது, நிலம் முன்பு என்னவாக இருந்தது என்பது. நஞ்சையாக இருந்ததா, எந்த ஏரியின் ஆயக்கட்டு (பாசன நிலம்), ஆற்றுப் படுகையா என்று கேளுங்கள். ஏரி நிரம்பிக் கலிங்கு (உபரி நீர் வெளியேறும் வழி) வழிந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்றும் கேளுங்கள். ஊர்ப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நாணமேடு, உச்சிமேடு என்று பேரிலேயே மேடு இருக்கிற ஊர்கள்தான் 2024-ல் தென்பெண்ணையில் மூழ்கின. சுற்றிலும் பள்ளமாக இருந்தால்தானே ஓர் இடத்துக்கு மேடு என்று பெயர் வரும்? பழைய ஊர் அந்த மேட்டில் இருக்கும். இன்று விற்பனைக்கு வரும் மனை பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில் இருக்கும்.

வெள்ள வரைபடம் என்று ஒன்று கடலூருக்கு இருக்கிறதா?

வெவ்வேறு வகையில் இருக்கிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் வெள்ளத்தால் பாதிக்கப்படக்கூடிய ஊர்களை மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு என்று பிரித்துப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். தேசிய தொலையுணர்வு மையத்தின் புவன் இணையதளத்தில் செயற்கைக்கோள் பிடித்த வெள்ளப் படங்கள் கிடைக்கும். மேகம் மூடியிருந்தாலும் ரேடார் செயற்கைக்கோள் தண்ணீர் நிற்கும் இடத்தைப் பிடித்துவிடும்.

இரண்டுமே உதவும். ஆனால் மனையின் நடுவில் நின்றுகொண்டு "இங்கே எத்தனை அடி?" என்று கேட்டால் இரண்டும் பதில் சொல்லாது. ஊர்ப் பட்டியல் ஊரோடு நின்றுவிடும். செயற்கைக்கோள் தண்ணீர் இருந்ததைக் காட்டும், ஆழத்தைக் காட்டாது. செயற்கைக்கோள் தலைக்குமேல் வருவதற்குள் வந்து வடிந்துவிட்ட ஓடை வெள்ளம் படத்தில் விழவே விழாது. 2015 நவம்பர் 9 அன்று பண்ருட்டிப் பக்கம் பெரியகாட்டுப்பாளையத்தில் ஓடை பெருகி வீடுகளை அடித்துக்கொண்டு போனது. அப்படிப்பட்ட வெள்ளம் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிடும்.

இன்னொன்று: கூகுள் எர்த்தில் சுட்டியை வைத்தால் காட்டும் உயரத்தை நம்பிக் கடைக்கால் போடாதீர்கள். அதில் சில மீட்டர் வரைகூடப் பிசகு இருக்கலாம். நமக்கு ஓர் அடியே பெரிய விஷயம்.

அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு வெள்ள மட்டம் குறித்த வரைபடம் இருக்கிறதாமே?

ஆமாம். 1968-ல் அங்கே வெள்ளக் காப்பீட்டுச் சட்டம் வந்தது. அதற்காக அரசே ஊர் ஊராக வரைபடம் போட்டது. ஓர் ஆண்டில் வருவதற்கு நூற்றில் ஒரு வாய்ப்பு உள்ள வெள்ளத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அது எந்த உயரம்வரை ஏறும் என்று பல இடங்களுக்குக் குறித்திருக்கிறார்கள். அந்த மட்டத்துக்குக் கீழே புது வீட்டின் தளம் இருக்கக் கூடாது. ஆற்றின் மையப் போக்கு என்று ஒரு பட்டையைத் தனியாகக் குறித்து, அதற்குள் மண் கொட்டுவதோ சுவர் எழுப்புவதோ வெள்ள மட்டத்தை உயர்த்தாது என்று கணக்குப் போட்டு நிரூபித்தால்தான் அனுமதி தருகிறார்கள். அந்த வரைபடங்கள் பழசாகிவிட்டன என்ற குறை அங்கேயும் உண்டு. ஆனாலும் "இந்த மனைக்கு இந்த மட்டம்" என்று ஓர் எண் கையில் இருப்பதால், பிளான் போடுபவர் அங்கிருந்து தொடங்க முடிகிறது. நமக்கு அந்த எண்ணை நாமே தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

"நூறு ஆண்டு வெள்ளம்" என்றால் நூறு வருஷத்துக்கு ஒரு தடவை தானே? 2015-ல் வந்துவிட்டதே!

இந்தப் பெயர் நிறையப் பேரைக் குழப்பிவிட்டது. ஒவ்வொரு ஆண்டும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதுதான் பொருள். போன ஆண்டு வந்தது என்பதற்காக இந்த ஆண்டு விடுமுறை கிடையாது.

வீட்டுக் கடனை வைத்துக் கணக்குப் பார்ப்போம். 30 ஆண்டு தவணை. அந்த 30 ஆண்டுகளில் ஒரு தடவையாவது நூறு ஆண்டு வெள்ளம் வருவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 26. இருபத்தைந்து ஆண்டு வெள்ளம் (ஒவ்வொரு ஆண்டும் நூற்றில் நான்கு வாய்ப்பு) என்றால் நூற்றுக்கு 71. அதாவது கடன் தீர்வதற்குள் அதைப் பார்த்துவிடுவோம் என்று வைத்துக்கொண்டே வீட்டை வரைய வேண்டும். நம் மாவட்டத்திலேயே 2015-ல் ஒரு வெள்ளம், 2021 நவம்பரில் தென்பெண்ணையில் ஒன்று, 2024-ல் மறுபடி ஒன்று. பத்து வருஷத்துக்குள் மூன்று.

நம் ஊரில் மழையே இல்லையென்றால் பயமில்லை, அப்படித்தானே?

இல்லை. தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, சாத்தனூர் அணை வழியாக வந்து, நமக்கு வடக்கே தாழங்குடா பக்கம் கடலில் சேர்கிறது. ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூரில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள். நம் தெருவில் ஒரு சொட்டு விழாவிட்டாலும் அந்தத் தண்ணீர் நம்மைத் தாண்டித்தான் கடலுக்குப் போயாக வேண்டும். கெடிலமும் மேற்கிலிருந்துதான் வருகிறது. பரவனாற்றுப் பக்கம் என்றால் நெய்வேலிப் பகுதியின் மழையும் பெருமாள் ஏரியும் சேர்ந்துகொள்ளும். 2015-ல் நெய்வேலியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது.

கடைசியில் கடல் இருக்கிறது. முகத்துவாரத்தில் மணல் மூடியிருந்தாலும், கடல் ஏற்றத்தில் இருந்தாலும் ஆற்றுத் தண்ணீர் வடியாமல் திரும்பி நிற்கும். கடலூர் நகரின் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? வெள்ளச் சமவெளியில் (ஆறு பெருகினால் தண்ணீர் பரவும் தாழ்நிலத்தில்) கட்டக் கூடாது என்று தடை உண்டா?

நேரடியாக "வெள்ளச் சமவெளிச் சட்டம்" என்று தமிழ்நாட்டில் இல்லை. மத்திய நீர் ஆணையம் 1975-லேயே ஒரு மாதிரி மசோதா எழுதி மாநிலங்களுக்கு அனுப்பியது. மணிப்பூர், ராஜஸ்தான், உத்தராகண்ட் போன்ற சில மாநிலங்கள்தான் சட்டமாக்கின. மசோதாவின் யோசனை எனக்குப் பிடித்தமானது. மருத்துவமனை, மின் நிலையம் போன்றவை நூறு ஆண்டு வெள்ளத்துக்கு மேலே இருக்கட்டும். அலுவலகங்களும் வீடுகளும் இருபத்தைந்து ஆண்டு வெள்ளத்துக்கு மேலே இருக்கட்டும், தாழ்வான இடம் என்றால் தூண் மேல் நிற்கட்டும். அடிக்கடி மூழ்கும் இடம் பூங்காவுக்கும் விளையாட்டுத் திடலுக்கும் போகட்டும். இதை யாராவது எதிர்ப்பார்களா? ஆனாலும் ஐம்பது ஆண்டாகக் காகிதத்திலேயே இருக்கிறது.

நம்மிடம் இருப்பவை இவை. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019: நீர்நிலைக்கு அருகில் உள்ள மனைக்கு நிபந்தனை போடவும், அனுமதி மறுக்கவும் இதில் இடம் இருக்கிறது. லேஅவுட்டுக்கும் பெரிய கட்டடங்களுக்கும் நீர்வளத் துறையிடம் வெள்ளப் பாதிப்பு குறித்த தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-ல் தனிச் சட்டம் வந்தது. கடலோரத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது, நல்லதுதான். ஆனால் அனுமதிக்கு முன் யாரும் மனையை வந்து பார்ப்பதில்லை. "இங்கே தண்ணீர் வருமா" என்று கேட்கும் பொறுப்பு முழுக்க உங்களுடையதும் உங்கள் பொறியாளருடையதுமாகிவிட்டது.

பட்டா இருக்கிறது, அப்ரூவலும் இருக்கிறது. பிறகென்ன?

பட்டா நிலம் யாருடையது என்று சொல்லும். அப்ரூவல், விதிப்படி பிரித்திருக்கிறார்கள் என்று சொல்லும். மூழ்காது என்று இரண்டுமே எழுதித் தரவில்லை.

என் வீட்டிலேயே நடந்தது. என் மைத்துனர் ஒரு லேஅவுட்டில் மனை வாங்கினார். விற்றவர்கள் கோடையில் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினார்கள்: தார்ச் சாலை, வேப்பங்கன்று, வண்ணக் கொடி எல்லாம் இருந்தன. மேல் பக்கத்து வயல்களின் வடிகால் அந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது என்பதை ஒருவரும் சொல்லவில்லை. கார்த்திகையில் போனால் இடுப்பளவு தண்ணீர். பத்திரத்தில் ஒரு குறையும் இல்லாததால் யாரிடமும் போய் நிற்கவும் முடியவில்லை.

நீர்வளத் துறைச் சான்றில் "மனையை இத்தனை மீட்டர் மட்டத்துக்கு உயர்த்த வேண்டும்" என்று இருக்கிறது. இது எந்தக் கணக்கு?

கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம். சாலையிலிருந்து அல்ல. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு சாலைக்கு மேல் இத்தனை என்று மண் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சர்வேயரை வைத்து, அருகில் உள்ள நிலையான மட்டக் குறியிலிருந்து (கடல் மட்டத்திலிருந்து உயரம் அளந்து பதித்த குறி) மனைக்கு மட்டம் கொண்டுவர வேண்டும். சான்றில் வாய்க்கால் அகலம், பாலத்தின் கண் (தண்ணீர் போகும் திறப்பு) அளவு, ஓரம் விட வேண்டிய இடம் என்று மற்ற நிபந்தனைகளும் இருக்கும். உயரத்தைப் படித்துவிட்டு இவற்றைத் தாண்டிப் போகிறார்கள். வெள்ளத்தைப் பொறுத்தவரை வாய்க்கால் நிபந்தனைதான் முக்கியம்.

தேவனாம்பட்டினம் பக்கம், உப்பனாற்றுப் பக்கம் மனைக்கு என்ன தனி விதி?

கடலில் ஏற்றம் எட்டும் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். அதற்குள் நகரப் பகுதி, கிராமப் பகுதி என்று பிரிவுகளுக்கேற்ப விதி மாறும். ஏற்றவற்றம் உள்ளே வரும் ஆற்றுக்கும் கழிமுகத்துக்கும்கூட இது உண்டு. 2011 அறிவிக்கையில் கரையிலிருந்து 100 மீட்டர், 2019-ல் அது 50 மீட்டர். இரண்டிலும் அந்த நீர்வழியின் அகலம் குறைவாக இருந்தால் அந்த அகலம் மட்டும். கடல்நீர் எதுவரை வருகிறது என்பதற்கு உப்புதான் அளவு. வறண்ட மாதத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு உப்பு இருக்கும் இடம்வரை கணக்கு.

உங்கள் சர்வே எண்ணுக்கு இன்று நடைமுறையில் இருக்கும் கடலோர மேலாண்மை வரைபடம் எது என்று மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். புரோக்கர் வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த ஊர் இது.

என் மனைக்கு வெள்ள மட்டம் எவ்வளவு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் செய்யும் விதத்தை அப்படியே சொல்கிறேன். இதற்குக் கம்ப்யூட்டர் தேவையில்லை.

தென்பெண்ணைக் கரை ஊர் ஒன்றில் ஒரு மனைக்குப் போயிருந்தேன். 2024 வெள்ளம் வடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நேராக மனைக்குப் போகாமல், பக்கத்தில் இருந்த பழைய ஓட்டு வீட்டுக்குப் போனேன். திண்ணையில் ஓர் ஆயா உட்கார்ந்திருந்தார். "தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு ஆயா?" என்றேன். எழுந்து வந்து சுவரைத் தொட்டுக் காட்டினார். சுண்ணாம்பின் மேல் காப்பித்தூள் நிறத்தில் ஒரு கோடு, ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் வீட்டைச் சுற்றி ஓடியது. கதவுக்குப் பின்னால் ஸ்விட்ச் பெட்டியின் உள்ளேயும் அதே உயரத்தில் மண் படிந்திருந்தது. "போன தடவ இந்தப் படிய தொட்டுட்டுப் போயிடுச்சு தம்பி. இந்தத் தடவதான் உள்ள வந்துச்சு" என்றார். ஒரே இடத்தில் இரண்டு வெள்ளத்தின் மட்டமும் கிடைத்துவிட்டது.

அப்புறம் கொத்தனாரிடம் டியூப் மட்டம் கேட்டேன். தண்ணீர் நிரப்பிய நீளமான கண்ணாடிப் பிளாஸ்டிக் குழாய்தான். ஒரு முனையை ஆயா வீட்டுச் சுவரில் அந்தக் கோட்டோடு பிடித்தோம். மறுமுனையை மனையின் மூலையில் நட்ட சவுக்குக் கழியில் பிடித்தோம். குழாயில் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும், அதனால் இரண்டு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டோம். தண்ணீர் நின்ற இடத்தில் கழியில் சிவப்புப் பெயின்ட் அடித்தோம். தரையிலிருந்து இரண்டே முக்கால் அடி. மனைக்காரர் அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றார். அதுவரை பேஸ்மட்டம் (தரையிலிருந்து வீட்டின் தளம் வரை உள்ள உயரம்) இரண்டு அடி போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்.

ஒரு வீட்டோடு நிறுத்தாதீர்கள். கோயில் மதில், பள்ளிக்கூடச் சுவர், மின்கம்பம் என்று நாலைந்து இடத்தில் பாருங்கள். தூரம் அதிகமென்றால் சர்வேயரின் ஆட்டோ லெவல் கருவியைப் பயன்படுத்துங்கள். புது வெள்ளை அடித்தால் கோடு போய்விடும். ஆகவே உங்கள் தெருவில் இன்னும் கோடு இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் ஓர் ஆணி அடித்து, தேதி எழுதி, போட்டோ எடுத்து வையுங்கள். நமக்கு இதைவிடத் துல்லியமான வெள்ள வரைபடம் இப்போதைக்குக் கிடையாது.

சரி, பேஸ்மட்டம் எத்தனை அடி வைப்பது?

கிடைத்த உச்ச மட்டத்துக்கு மேல் ஒன்றரை முதல் இரண்டு அடி சேர்க்கிறேன். நாம் பார்த்த வெள்ளம் வரக்கூடியதில் பெரியது என்று யாரும் சொல்லவில்லை. தெருவில் லாரி போனாலே அலை அரை அடி ஏறும். பத்து வருஷத்தில் சாலையும் உயரும்.

மேலே சொன்ன மனைக்கு இரண்டே முக்காலும் ஒன்றே முக்காலும் சேர்ந்து நாலரை அடி ஆனது. இது மனையின் வடிவமைப்பையே மாற்றிவிடும். நாலரை அடிக்கு அரை அடிப் படியாக ஒன்பது படி வேண்டும். வாசலுக்கு நேராக வைத்தால் முன்பக்கக் காலியிடம் முழுதும் படிக்கே போய்விடும். அதனால் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஏற்றி, நடுவில் நின்று மூச்சுவிட ஒரு திட்டு வைத்தோம். சக்கர நாற்காலிக்குச் சரிவு வேண்டுமென்றால் ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் 54 அடி நீளம் ஆகிறது. சின்ன மனையில் அதற்கு இடமில்லை. வீட்டில் வயதானவர்கள் இருந்தால், இந்த மாதிரி மனையை வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

தண்ணீர் மூன்று அடிக்குள் என்றால் பேஸ்மட்டத்தை உயர்த்திச் சமாளிக்கலாம். மூன்றிலிருந்து ஐந்து அடி என்றால் தூண் மேல் வீடு. அதற்கும் மேல் என்றாலோ, தண்ணீர் நிற்காமல் வேகமாக ஓடுகிற இடம் என்றாலோ, அந்த மனை வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். என் வேலை போனாலும் பரவாயில்லை.

மனை முழுக்க மண் கொட்டி மேடாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததல்லவா?

உங்களுக்குத் தீரலாம். பக்கத்து வீட்டில் தொடங்கும்.

30-க்கு 40 மனை, 1,200 சதுர அடி. மூன்றடி மண் கொட்டினால் 3,600 கன அடி. அந்த இடத்தில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல். ஐந்து ஏக்கர் லேஅவுட்டை அதேபோல் உயர்த்தினால் ஏறக்குறைய 1 கோடியே 85 லட்சம் லிட்டர். இது எங்கே போகும்? உயர்த்தாத பழைய வீடுகளுக்குள் போகும். அவர்கள் பெரும்பாலும் உயர்த்த வசதி இல்லாதவர்கள்.

இந்தத் தவற்றை நானும் செய்திருக்கிறேன். 2012-ல் ஒரு வீட்டுக்கு மனை முழுதும் நாலடி கிராவல் கொட்டி, சுற்றிலும் காம்பவுண்டு எழுப்பினோம். 2015-ல் எங்கள் வீட்டுக்குள் ஒரு சொட்டு வரவில்லை. பின் வீட்டில் ஆறு நாள் தண்ணீர் நின்றது. அதற்கு முன் அங்கே தண்ணீர் நின்றதே இல்லை. அந்த வீட்டம்மா என்னிடம் சண்டை போடவில்லை. "எங்க பக்கம் ஒரு வழி விட்டிருக்கலாமே சார்" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து வீட்டை உயர்த்துகிறேன், மனையை உயர்த்துவதில்லை. சுவருக்குள் வரும் பேஸ்மட்டத்தில் மட்டும் மண் நிரப்பி, சுற்றியுள்ள காலியிடத்தைப் பழைய மட்டத்திலேயே விட்டுவிடுவோம்.

மண் கொட்டித்தான் ஆக வேண்டும் என்றால், அதை ஒரே நாளில் டிப்பரில் கொட்டி நிரவிவிடக் கூடாது. முக்கால் அடி, ஓர் அடி அடுக்காகப் போட்டு, தண்ணீர் விட்டு, ரோலர் ஓட்ட வேண்டும். கடைக்கால் புது மண்ணில் நிற்கக் கூடாது, பழைய தரைக்குக் கீழே இறங்கியே ஆக வேண்டும்.

தூண் வீட்டில் கீழ்த்தளத்தை என்ன செய்யலாம்?

வண்டி நிறுத்துங்கள், துணி காயப் போடுங்கள். வாடகைக்குத் தடுத்து விடாதீர்கள். முதல் மூன்று வருஷம் காலியாக இருக்கும், அப்புறம் ஓர் அறை, அடுத்து ஒரு கடை. வெள்ளம் வரும்போது கீழே ஒரு குடும்பம் இருக்கும். படிக்கட்டு, பொருள் வைக்கும் இடம் என்று கொஞ்சம் சுவர் தவிர்க்க முடியாததென்றால், அதில் தண்ணீர் புகுந்து வெளியேற அடியில் திறப்பு விடுங்கள். அமெரிக்க விதியில் ஒரு சதுர அடி தரைக்கு ஒரு சதுர அங்குலம் திறப்பு, குறைந்தது இரண்டு திறப்பு, தரையிலிருந்து ஓர் அடிக்குள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நானும் அதையே பின்பற்றுகிறேன். திறப்பில் கம்பி வலை போடுங்கள், பாம்பு வரும்.

காம்பவுண்டு சுவரை உயர்த்தித் தண்ணீரைத் தடுக்க முடியுமா?

ஒரு பக்கம் ஒரு மீட்டர் தண்ணீர், மறுபக்கம் காலி என்றால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 500 கிலோ எடை தள்ளுகிறது. இரண்டு மீட்டர் ஆனால் 2,000 கிலோ. நாம் கட்டும் நாலரை அங்குலச் சுவர் இதைத் தாங்காது. மெதுவாகச் சாயவும் சாயாது, ஒரேயடியாக விழும். அடியில் பத்தடிக்கு ஒரு திறப்பு விட்டால் இரு பக்கமும் தண்ணீர் சமமாகிச் சுவர் நிற்கும். தண்ணீர் வரும் பக்கத்திலும் போகும் பக்கத்திலும் கம்பி வேலியோ கிரில்லோ போட்டால் இன்னும் நல்லது.

செப்டிக் டேங்க், சம்ப், போர், மின் மீட்டர்?

காலி சம்ப் மண்ணுக்குள் படகுபோல மிதக்கும். நிலத்தடி நீர் ஏறினால் அடியிலிருந்து தூக்கி விரிசல் விட்டுவிடும். மழைக்காலத்தில் நிரப்பியே வையுங்கள், மூடியை வெள்ள மட்டத்துக்கு மேல் உயர்த்துங்கள். செப்டிக் டேங்கை மனையின் தாழ்ந்த மூலையில் வைப்பது வழக்கம். வெள்ளப் பகுதியில் அது தப்பு. கழிவு பின்னோக்கி வந்து கழிப்பறையில் பொங்கும். குழாயில் ஒருவழி வால்வு வையுங்கள். போர்க் குழாயை வெள்ளக் கோட்டுக்கு மேல் ஓர் அடி நீட்டி மூடி போட்டு வையுங்கள், இல்லையென்றால் தெருச் சாக்கடை நேராக உங்கள் குடிநீருக்குள் இறங்கும். மீட்டர், மோட்டார் ஸ்டார்ட்டர், இன்வெர்ட்டர் எல்லாம் மாடிப்படி உயரத்துக்குப் போகட்டும்.

மழைநீர் சேகரிப்புத் தொட்டி வெள்ளத்தைக் குறைக்குமா?

சாதாரண மழையில் குறைக்கும், அதனால் கட்டாயம் வையுங்கள். ஆனால் புதுச்சேரியில் 2024 டிசம்பர் 1 காலையோடு முடிந்த ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் பெய்தது. ஆயிரம் சதுர அடி மாடிக்கு அது 44,000 லிட்டருக்கு மேல். எந்த உறிஞ்சு குழியும் அதைக் குடிக்காது.

லேஅவுட் போடுகிறேன். பூங்கா இடத்தை எங்கே வைப்பது?

3,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் பத்து சதவீதம் திறந்தவெளி விட வேண்டும். விற்க முடியாத கோணல் மூலையில் அதைத் தள்ளுவதுதான் நடக்கிறது. இடத்திலேயே தாழ்வான பகுதியைக் கண்டுபிடித்து அங்கே வையுங்கள். மழைக்காலத்தில் இரண்டு மாதம் குளமாக நிற்கட்டும், மற்ற பத்து மாதம் பிள்ளைகள் பந்து விளையாடட்டும். சாலைகளை அந்தப் பக்கம் சரிவு கொடுத்துப் போடுங்கள். வாய்க்காலைக் குழாய்க்குள் அடைக்காமல் திறந்தே விட்டு, இரு கரையிலும் மரம் வையுங்கள். இரண்டு மனை குறையும். மீதி மனைகளைப் பத்து வருஷம் கழித்து வாங்கியவர்கள் உங்களைத் திட்ட மாட்டார்கள்.

வீட்டைக் கட்டி முடித்துவிட்டேன். சாலை இப்போது என் வாசலைவிட உயரம். என்ன செய்ய?

பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று அரசு 2021-ல் உத்தரவிட்டிருக்கிறது. வேலை தொடங்கும் அன்றே நாலு பேராகப் போய்க் கேளுங்கள், ரோலர் போன பிறகு கேட்டுப் பயனில்லை. வீட்டுக்குள் மின் இணைப்புகளை உயர்த்துங்கள், வாசலுக்குப் பலகைத் தடுப்புச் சட்டம் செய்து வையுங்கள், பத்திரங்களையும் மருந்தையும் பரணில் வையுங்கள். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்குபவர்கள் இருக்கிறார்கள். செங்கல் சுவர் உறுதியாக இருந்தால் செய்யலாம், ஆனால் பொறியாளர் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மனையைப் போய்ப் பார்க்க எந்த மாதம் நல்லது?

ஐப்பசி கடைசி, கார்த்திகை. நல்ல மழை விட்ட மறுநாள் காலை, குடையோடு போங்கள். மனைக்குப் பக்கத்துச் சிறுபாலத்தில் நின்று, தண்ணீர் ஓடுகிறதா, தேங்கி நிற்கிறதா என்று பாருங்கள். பூவரச இலை ஒன்றைக் கிள்ளித் தண்ணீரில் போடுங்கள். அது எந்தப் பக்கமாக மனைக்குள் வருகிறது, எந்தப் பக்கமாக வெளியே போகிறது என்று பார்த்து, மனைப் படத்தில் இரண்டு அம்புக்குறி போட்டுக்கொண்டு வாருங்கள். நான் கோடு போடத் தொடங்குவது அந்த அம்புக்குறிகளிலிருந்துதான்.